ஒன்பதும் முப்பத்தொன்றும்

கேள்விகளைப் பேராசிரியர் அச்சடித்துத் தந்திருந்தார்.
உமுவாஹியா எந்தத் தேதியில் வீழ்ந்தது,
படைப்பிரிவின் பெயர் என்ன,
விமானங்கள் எத்தனை.
என் வேலை ஒலிநாடாவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது.
மின்சாரம் போனால் ஜெனரேட்டர்.
அதன் இரைச்சலில் பாதிச் சொல் போய்விடும்.

ஒன்பதாம் நாடா. நுவான்யின்மா, கருவாட்டு வியாபாரி.
தேதியா, என்று சிரிக்கிறாள்.
ஒரு சிகரெட் டின் உப்பு
ஒரு பவுண்டுக்கு விற்ற வாரம், போதுமா?
அடுத்த வாரம் அந்த விலைக்கும் இல்லை.
பல்லி பிடித்துச் சுட்டோம்.
உப்பில்லாத பல்லி
வாயில் ஈரமண்.

அப்புறம் கடைசி லாரி. மழை.
மகனை ஏற்றிக்கொள்ளச் சொல்லி மண்டியிட்டேன்.
ஓட்டுநர் கையை நீட்டினான்.
இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்து
இருந்ததையெல்லாம் அந்தக் கையில் கொட்டினேன்.
நாசமாய்ப் போவான்.
இல்லை, அதை எழுதாதே.

எழுதினேன்.
'எழுதாதே' என்றதையும்.

முப்பத்தொன்றாம் நாடா மூன்று மாதம் கழித்து வந்தது.
ஒக்வுடிலி, லாரி ஓட்டியவர், இரு கண்ணிலும் புரை.
அன்று நல்ல நிலா என்கிறார்,
விளக்குப் போடாமலே ஓட்டினேன்.
கதவைச் சாத்தக் கையை நீட்டினேன், ஒரு பெண்
உள்ளங்கையில் உப்பைக் கொட்டிவிட்டாள்.
நான் கேட்கவில்லை.
திருப்பிக் கொடுக்கவும் இல்லை.
பின்னால் இருபது பிள்ளைகள்.
விரலை நனைத்து நனைத்து
ஓர்லு வருவதற்குள் நானே நக்கித் தீர்த்தேன்.

மௌனம், பதினான்கு நொடி.
பிறகு பேட்டி எடுப்பவரின் குரல்:
படைப்பிரிவின் பெயர் ஞாபகமிருக்கிறதா, ஐயா?

உப்பிட்டவள் மறக்கப் பார்க்கிறாள்.
தின்றவர்தான்
இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மழையா நிலாவா? ஓரத்தில் பேராசிரியர்
சிவப்பு மையில் 'முரண்' என்று எழுதினார்.
மகன் பிழைத்தானா என்பது
இரண்டு நாடாவிலும் இல்லை.
யாரும் கேட்கவில்லை.

இருவர் வீடும் எனுகுவில், ஓகுயி சாலையில்.
நடந்தால் பத்து நிமிடம்.
கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று
முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம், எல்லோரும் போன பிறகு
அலமாரியில் எண் வரிசையைக் கலைத்து
ஒன்பதையும் முப்பத்தொன்றையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

இன்று காலையில் பார்த்தால்
யாரோ சரிப்படுத்தியிருந்தார்கள்.