பதினேழாம் தேதிக் கட்டம்

மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் பின்னால்
எட்டு மிஷின், மூன்று ஷிப்ட்,
கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்
எங்கள் டயாலிசிஸ் அறக்கட்டளை.
நான் ஊசி தொடுவதில்லை. தண்ணீர் ஆள்.
ஆற்றுத் தண்ணீரை
ஆற்றின் ஞாபகமே இல்லாதபடி ஆக்கி
அடுத்தவர் ரத்தத்துக்கு
ஒரு சவ்வு தூரத்தில் நிறுத்துவது என் வேலை.

ஞாயிறு ராத்திரி வந்தது வீடியோ.
முகம் இல்லை, குரல் மட்டும்.
பின்னால் அழுகிற வயலின்.
"கொழாத் தண்ணியில ஓட்டுதானுவ,
மூணு பேரு போய்ச் சேந்தாச்சு."
காட்டிய கட்டடம் எங்களுடையது இல்லை.
எங்களுடையதில் லிப்ட் கிடையாது.
விடிவதற்குள் சுத்தமல்லி பார்த்தாச்சு,
முக்கூடல் பார்த்தாச்சு,
துபாயிலிருந்து மச்சினன் கேட்டான்,
"அத்தான், நெசமா?"
அந்த மூன்று பேர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை.
மூன்று என்பது மட்டும் தெரிந்திருந்தது.

திங்கள் முதல் ஷிப்ட்டில் இரண்டு கட்டில் காலி.
மேலச்செவல் பரமகல்யாணி அக்கா வரவில்லை.
போனை எடுத்த மகன் "யோசிச்சிட்டு இருக்கோம்" என்றான்.
அவள் உடம்புக்கு யோசிக்க
இரண்டு நாள்தான் உண்டு.

சென்னையிலிருந்து ஒருவர் திரையில் வந்தார்.
பேரைக் காப்பாற்றுவது அவர் தொழில்.
நட்சத்திரம் ஒன்று முப்பது ரூபாய்,
ஐநூறு வாங்கினால் இருபத்தைந்து.
"கெட்டதக் கீழ தள்ளிடலாம் சார்,
ரெண்டாம் பக்கத்துக்கு யாரும் போறதில்ல."
செயலாளர் ஞானதுரை
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
போன மாதம் ஃபில்டருக்கே கடன் சொன்ன மனுஷர்.
"நம்மகிட்ட என்ன வே இருக்கு,
ஒம்ம நோட்டுதான?
பக்கம் பக்கமா போட்டோ எடும். ஊரே பாக்கட்டு."

நோட்டு.
காலை ஐந்தரை, பகல் பதினொன்று, மாலை நான்கரை.
குளோரின், கடினம், கடத்துதிறன்.
ஆறு வருஷம். நீல மை.
வெள்ளத்தில் ஜங்ஷன் மிதந்த அன்றும்
இடுப்பளவு நனைந்து வந்து எழுதியிருக்கிறேன்.
புரட்டிக்கொண்டே வந்தால்
ஆகஸ்ட் பதினேழு, மாலைக் கட்டம்
வெறுமனே கிடந்தது.

அன்று மானூரில் கொழுந்தியாள் மகளுக்குக் காதுகுத்து.
சுடலைக்கண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.
"டெஸ்ட் பாத்தேண்ணே, எழுதத்தான் விட்டுப்போச்சு" என்கிறான்.
பார்த்திருப்பான்.
அன்று யாருக்கும் குளிர்காய்ச்சல் வரவில்லை.
நர்ஸ் நோட்டில் தேடிவிட்டேன், இரண்டு தடவை.

பேனா சட்டைப்பையில்.
அதே நீலம்.
புள்ளி பூஜ்யம் இரண்டு என்று எழுத
மூன்று வினாடி.
முந்தின நாளும் அதுதான், மறுநாளும் அதுதான்.

எழுதவில்லை. ஆனால்
படம் எடுக்கும்போது
தாளைப் பிடித்திருந்த பெருவிரல்
தானாக அந்தக் கட்டத்தின் மேல் போய் உட்கார்ந்தது.
தானாக என்றுதான் சொல்லிக்கொண்டேன்.
பெரிதாக்கிப் பார்த்தால்
எண்களுக்கு நடுவே ஒரு நகம்,
ஓரத்தில் உப்புப் பூத்த வெள்ளை.
அந்த வீடியோக்காரனும்
முகத்தை இப்படித்தான் மறைத்திருப்பான்.

விரலை எடுத்துவிட்டு இன்னொன்று எடுத்தேன்.
ஞானதுரை வெகுநேரம் பார்த்தார்.
"இத ஒண்ண வச்சே கிழிப்பானுவளே வே."
"கிழிப்பானுவ."
"சவத்தப் போடும்."

போட்டோம். கிழித்தார்கள்.
கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு
வேறொரு வயலினோடு வந்தது.
சென்னைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார்.
அவருக்கு என்ன பதில் போயிற்று என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

புதன் காலை ஐந்து இருபது, கேட்டில் ஆட்டோ.
பரமகல்யாணி அக்கா.
முகம் வீங்கி, மூச்சு பாதியாய்.
நர்ஸ் கூப்பிடக் கூப்பிட
கட்டிலுக்குப் போகாமல்
சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே என் அறைக்கு.
"எங்க, இன்னைக்குள்ளத எழுது, பாக்கேன்."

சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து
மருந்து இரண்டு சொட்டு விட்டேன்.
நிறம் மாறுமா மாறாதா என்று
அவளும் நானும்
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.