காது

தடாவில் பஸ் இறங்கி
மீன்கூடை ஆட்டோவில்
ஏரிக்கரைப் பள்ளிக்கு வந்தேன்.

என் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்துப்
பூநாரைக் குஞ்சைப்
பலகையில் பெரிதாக வரைந்து
ரோஸ் சாக்பீஸ் தீருமட்டும் தேய்த்தேன்.

"காது," என்றாள் லிகிதா.

பறவைக்குக் காது வெளியே தெரியாதும்மா,
இறகுக்குள்ளே இருக்கும்.

"காது, காது."

சரி, கேட்கிறாளே என்று
முயல்காது ஒன்று வைத்தேன்.
பெஞ்சுகள் குலுங்கின.

கணக்கு சார் வாசலில் நின்றபடி:
"தெலுங்கு மேடம். அப்படி இல்லைங்கறா."

எழுந்து வந்தாள்.
உள்ளங்கையால் என் ரோஸைத் துடைத்து
டஸ்டர் தூசியை அப்பினாள்.
குஞ்சு சாம்பல்தானாம்.
சிவக்க மூன்று வருஷம் ஆகுமாம்.
படகில் போய்ப் பார்த்தவள்.

இரண்டாயிரம் பிரதி அச்சாகிவிட்டது.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன்.
பலகையில் சாம்பல் குஞ்சு.
அந்தக் காதை மட்டும்
அழிக்காமல் விட்டிருந்தாள்.