மூணு எம்.எம். ஓட்டை

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்த நேரம்
வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார் அமலதாஸ்.
பன்னிரண்டு வயசு. எண்பத்து மூவாயிரம் கிலோமீட்டர்.
பெட்டி மூடியில் லே, தவாங், தனுஷ்கோடி ஸ்டிக்கர்கள்.
வெயிலில் வெளுத்து
இப்போது மூன்றும் ஒரே நிறத்து ஊர்கள்.

"இன்ஜின் கல்லு மாதிரி இருக்குக்கா.
மேலதான் கொஞ்சம்..."
எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
கொஞ்சம்.

முதலில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.
தூசி மறைப்பதை ஈரம் காட்டிக்கொடுக்கும்.
துடைத்த பிறகும் ஒரு மயிரிழை காயாமல் நிற்கும்,
அங்கே சாக்பீஸ் கோடு.
பிறகு விரல். கண்ணை மூடிக்கொண்டால் நல்லது.
திருகு இறங்குகிற துளையில்தான் தொடங்கும் எல்லாம்,
எவனோ அவசரத்தில் ஒரு சுற்று கூடுதலாக முறுக்கியிருப்பான்.
குழி, ஸ்பீடு பிரேக்கர், எண்ணூர் ரோட்டுக் கண்டெய்னர் லாரி
எல்லாம் அப்புறம் வந்த சாட்சிகள்.

பக்கப் பெட்டியின் கீல்,
முன்முகப்பின் இடது காது,
விண்ட்ஷீல்டு உட்காரும் தொப்புள்...
பதினேழு கோடு போட்டேன்.
எண்ணுவதை நிறுத்திவிட்டு
அமலதாஸ் டீக்குப் போனார்.

நான் குடத்தில் தொடங்கினவள்.
மெட்ரோ வாட்டர் லாரி வருவதற்குள்
வரிசையில் நிற்கிற குடத்துக்கெல்லாம்
பழுக்கக் காய்ச்சின கத்தியால் சூடு போட்டு
ஒட்டுக்கு இரண்டு ரூபாய்.
ஒழுகினால் வாசலில் வந்து கத்துவார்கள்.
அதைவிடப் பெரிய பரீட்சை
எந்த வண்டியும் வைத்ததில்லை.

பலகையைத் திருப்பினால் உள்பக்கம்
இரண்டு அம்புக்கு நடுவே அச்சடித்திருக்கும்: ஏபிஎஸ்.
அதே எழுத்துள்ள பழைய டிவி முதுகு மூலையில் கிடக்கிறது.
சீவி அசிட்டோனில் ஊறப்போட்டால்
ராத்திரிக்குள் கூழாகும்.
"இனம் இனத்தோட" என்று சிரிப்பான் தமீம்.
பிளாஸ்டிக்குக்குச் சரி, மனுஷருக்குச் சொன்னா அறைவேன் என்பேன்.

தமீம்.
இடது காதுக்குள் டார்ச் அடித்தபோது
அவன் தையலைப் பார்த்தேன்.
எஃகுக் கம்பியைப் பாம்பாக வளைத்துப் புதைத்து
மூன்றாவதை மட்டும் குறுக்கே போடுகிற கிறுக்கு
இந்தப் பக்கத்தில் ஒருத்தனுக்குத்தான்.
ஆறு வருஷம் ஒரே ஷட்டருக்குள் உட்கார்ந்தவன்.
இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்க் கணக்கில்
ஹீட் கன்னைத் தூக்கிக்கொண்டு போனவன்.

அடுத்தவன் ஒட்டு என்றால் அரைத்துத் தள்ளுவேன்.
கிரைண்டரை எடுத்தேன்.
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.
பாவி, அசையவில்லை.
தையல் நிற்கிறது.
தையல் முடிகிற இடத்திலிருந்து
விரிசல்தான் தன் பாட்டுக்கு
இன்னும் நாலு விரற்கடை நடந்திருக்கிறது.

முனையில் ஓட்டை போடவில்லை அவன்.
எப்போதும் போடமாட்டான்.
இருக்கிற ஓட்டை பத்தாதா என்பான்.
எத்தனை தடவை கத்தியிருப்பேன்:
கூராக முடிந்தால் அது மேலே போகும்டா,
வட்டமாக முடிந்தால்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்
நின்றுவிடும்.

மூணு எம்.எம். பிட்டைப் போட்டேன்.
ஒரு சின்ன சத்தம், வெள்ளைச் சுருள், அவ்வளவுதான்.
அவன் தையலைத் தொடாமல்
அதன் வாலிலிருந்து என்னுடையதைத் தொடங்கினேன்.

டீ மணத்தோடு திரும்பி வந்தார் அமலதாஸ்.
"பழசை எடுக்கலையா?"
"அது நிக்கும். யாரு போட்டது?"
"எண்ணூர்ல ஒரு பாய். அதிகம் பேசமாட்டார்.
எந்தப் பக்கம்னு கேட்டார், கொருக்குப்பேட்டைன்னேன்.
கேட்டு இன்னும் மூடியேதான் கெடக்குதான்னார்."

பாதி வேலை ஏற்கெனவே ஆனதுதானே என்று
முந்நூறு குறைக்கச் சொன்னார்.
குறைத்தேன்.

ராத்திரி, பழக்க தோஷம்,
கீல் ஒட்டின பெட்டியை நிமிர்த்தி வைத்து
விளிம்புவரை தண்ணீர் ஊற்றினேன்.
வெளியே கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது.
பெட்டிக்குள் தண்ணீர்
மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.