படிவம் ஏழு

செவ்வாய்க்கிழமை வந்தது நிலத்தின் தாள்.
புதன்கிழமை வங்கிக்குப் போய்விட்டது.
இடையில் ஒரே ஓர் இரவு
அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன்.
இரண்டு முறை எழுந்து பார்த்தேன்.

மூன்றே முக்கால் ஏக்கர்.
தாள் அப்படிச் சொல்கிறது.
மழையில் நிலத்தைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்:
கீழ்மூலையை ஆறு எடுத்துக்கொண்டு
கார்த்திகையில் திருப்பித் தரும்,
மேலே ஒரு சாண் வண்டல் வைத்து.
பெகு பக்கத்தில்
வாங்கிய கடனை வட்டியோடு தானே கொண்டுவந்து தருவது
நானறிந்து அந்த ஆறு ஒன்றுதான்.

முதலில் இது செட்டியார் கணக்கில் இருந்தது,
பிறகு அரசாங்கத்தின் கணக்கில்.
இரண்டு பேரேட்டிலும்
உழுதவன் பெயரை எழுத ஒரு பத்தி இல்லை.
பிறகு பதினோரு வருடம் ஊ செயின் பெயரில்.
பக்கத்து வயல்காரர்.
எங்களுக்குக் குடியுரிமை அட்டை வரும்வரை
பெயரை இரவல் கொடுத்தவர்.
அதற்காக ஒரு கோழிகூட வாங்கிக்கொண்டதில்லை.
ஆனால் வரப்புத் தகராறு வந்தால்
"என் நிலத்தில்" என்று ஆரம்பித்துவிட்டு
நாக்கைக் கடித்துக்கொள்வார்.
நான் சிரிப்பேன்.
என் தம்பி சிரிக்க மாட்டான்.

நில அலுவலகத்தில் பெயர் கேட்டார்கள்.
டா மியா சீ என்றேன்.
பூவாயி என்பது
மாரியம்மன் கோயில் ரசீதில் மட்டும் இருக்கிறது.

விளைவது உளுந்து. இங்கே மட்பே.
சென்னையில் யாரோ ஒருத்தியின் பாத்திரத்தில்
விடிவதற்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளும்.
அது எந்த ஆற்று மண் என்று
அவளுக்குத் தெரிய வேண்டாம்.
கல் கடிக்காமல் இருந்தால் போதும்.

கல் கடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில்.
ஒரு கொட்டகை, ஒரு தராசு,
ஆறு பெண்கள், ஆறு முறம்.
வீசைக்கு இவ்வளவு சாட் என்று கூலி.
ரங்கூன் தரகர் போன மாசியில் சொன்னார்:
"முறத்துச் சரக்கு இனிக் கப்பல் ஏறாது, அக்கா."
அதனால்தான் தாள் வங்கிக்குப் போனது.
மேலாளர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்,
பெண் பார்க்க வந்தவர் போல.

லாரியில் வந்தது இயந்திரம், இரண்டாம் கை.
கல்லைக் கண்ணால் பார்த்து
காற்றால் ஊதித் தள்ளுகிறது.
ஆறு பேரின் ஒரு நாளை
அது டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறது.

நான்கு பேரை நிறுத்தினேன்.
மா ஏ முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.
இரண்டு பேர் கூலியை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.
நாகுதான் நின்றாள்.
"உழுகிறவங்களுக்கு நிலம்னு சட்டம் வந்துச்சு.
புடைக்கிறவங்களுக்கு என்ன வந்துச்சு?"
சட்டத்தை முழுவதும் படித்தவள் நான்,
மூன்று அலுவலகங்களில் மூன்று வருடம்.
பதில் இருந்தால் சொல்லியிருப்பேன்.

எட்டாம் நாள் வந்தாள்.
இயந்திரம் துப்பிய உடைசலைக் கேட்டாள்.
பன்னிரண்டு வீசை, கடனாக.
அரைத்து, வடை சுட்டு,
ரயிலடியில் விற்கிறாள் இப்போது.
மூன்றாம் நடைக்கு அவள் மகனும் வந்தான்,
மூட்டை தூக்க.

நோட்டில் அவள் பெயருக்கு ஒரு பத்தி போட்டேன்.
நாகு, வீசை, தேதி.
பக்கத்தில் கை தானாக இன்னொரு கோடு இழுத்தது.
தலைப்பில் வட்டி என்று எழுதவில்லை.
கோட்டை அழிக்கவும் இல்லை.

நேற்றிரவு மழை பிடித்துக்கொண்டது.
காலையில் தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்தான்:
கீழ்மூலை கால் ஏக்கர் தண்ணீரில்.
வங்கியின் இரும்புப் பெட்டிக்குள்
மூன்றே முக்கால்
நனையாமல் இருக்கிறது.