ஏழாவது காய்

புதுவயல் சந்தையில் மொச்சை இல்லை.
"பூவெல்லாம் மழையில கொட்டிப்போச்சு ஆச்சி,
நான் எங்க போவேன்" என்று
ஈரத் தராசைச் சாக்கில் துடைத்தாள் சந்தனமேரி.

பையில் ஆறு காய்.
பொங்கல் கூட்டுக்கு ஒற்றைப்படை வேண்டும்.
ஐந்தாகக் குறைக்க மனமில்லை.
மண் ஒட்டிய நாலு பீட்ரூட்டை
மேலே வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்டனூர். இரண்டாங்கட்டு.
அரிவாள்மனையில் உண்ணாமலை, என் ஓரகத்தி.
பரங்கியைப் பிளந்தாள்,
உள்ளே யாரோ விளக்கு வைத்திருந்தார்கள்.
சர்க்கரைவள்ளிக்குத் தோலில் மட்டும் ரோஜா.
அவரையின் ஓரத்தில் ஊதா நூல்.
வாழைக்காய்ப் பால் விரலில் கறுத்தது.
சேனைக்கு எண்ணெய் தடவிக்கொண்டோம்.
வெள்ளைப் பூசணி எதையும் காட்டிக்கொள்ளாமல்
தண்ணீரில் மிதந்தது.

ஏழாவதைப் பார்த்ததும் கை நின்றது.
"இங்கிலீஷ் காய். சாமிக்கு ஆகாது."

நிமிர்ந்து பார்த்தேன்.
தூண் பர்மா.
தரைக்கல் இத்தாலி.
நிலைக்கண்ணாடி பெல்ஜியம்.
தாளிக்கக் கிள்ளிய மிளகாய்கூட
யாரோ கப்பலில் கொண்டுவந்ததுதான்.
அத்தனைக்கும் கதவு திறந்த வீடு
ஒரு நீலகிரிக் கிழங்கை
நிலைப்படியில் நிறுத்தி ஊர் கேட்கிறது.

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
"தூணு வச்ச இடத்துல நிக்கும்.
இது அப்படியா?
ஒரு துண்டு விழுந்தாப் போதும்,
சட்டி முழுக்கத் தன் நிறமாக்கிப்போடும்."

குன்னூரிலிருந்து வாக்கப்பட்டு வந்து
பத்து வருஷம் ஆகிறது எனக்கு.
காயைத்தான் சொன்னாளா என்று
தேங்காய் அரைத்து முடிக்கும்வரை யோசித்தேன்.

வளவில் பால் பொங்கி, சங்கு ஊதி,
நான் உள்ளே திரும்பி வந்தபோது
அவளே தோல் சீவிக்கொண்டிருந்தாள்.
"எண்ணிக்கை குறையக் கூடாதுல்ல"
என்னைப் பார்க்காமல்.

பூசணி சிவந்தது. வாழை சிவந்தது.
சேனை எது, வள்ளி எது,
கடித்தால்தான் தெரியும்.
இலையில் வெண்பொங்கலைச் சுற்றி
செம்மண் கரை போல ஒரு கோடு.
சின்னவன் முத்துராமன்
நாக்கை நீட்டி நீட்டி
பெல்ஜியத்தில் பார்த்துக்கொண்டான்.
பந்தியில் யாரும் காயை எண்ணவில்லை.

மாலையில்
முட்டைச் சாந்துச் சுவரில் ஐந்து விரல்,
கருஞ்சிவப்பாய்.
கழுவாத கையை ஊன்றி
அவள் எழுந்த இடம்.
ஈரத்துணி வைத்தால் போய்விடும் என்கிறாள்.
துணி கொடியில் காய்கிறது.