சனிக்கிழமைக் கட்டம்

லாபிஸ் மில்லின் எடைமேடையில்
இரவுக் கிராணி நான்.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்,
திரையில் எண் நடுங்கி நிற்கும்,
சீட்டில் நேரம் குத்துவேன்.
கொட்டிவிட்டு வெறுமனே திரும்பினால் இன்னொரு நேரம்.
நடுவில் கிடைக்கும் இருபது நிமிடங்களில்
பழைய சீட்டுகளைக் கவிழ்த்து ஒட்டி
ஒரு வாரத்துக்குக் கட்டம் போடுகிறேன்,
குருத்தோலை ஞாயிறு முதல் அடுத்த ஞாயிறு வரை.

போதகர் எட்வின் கேட்டது சின்ன உதவி.
ஆராதனை முறையைத் தட்டச்சு செய்யும்போது
எந்த மணிக்கு எது என்று ஓரத்தில் போட்டுவிடம்மா என்றார்.
நான்தான் நாலு பேர் சாட்சியையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தொலைத்தேன்.

மாற்குவின் கணக்கில் காலை ஒன்பதுக்கே
ஆணி அடித்தாகிவிட்டது.
யோவானிடம் உச்சிவேளை நெருங்கியும்
பிலாத்து இன்னும் நாற்காலியில் இருக்கிறான்.
மூன்று மணி நேரம்.
எங்களுக்கு அது பதினொரு லோரி.
மேனேஜர் பார்த்தால்
இரண்டு கிராணிகளையும் நிற்கவைத்துக் கேட்பார்.

சில முடிச்சுகள் எனக்குச் சுலபம்.
நாள் சாயங்காலத்தில் பிறக்கிறது என்றால்
போதகரே கொஞ்சம் தலையைச் சொறிகிறார்.
ஏழு மணிக்கு ஷிப்ட் ஏறுகிறவளுக்கு அதில் என்ன அதிசயம்?
நடுச்சாமம் தாண்டி வந்த குலையும்
நான் ஏறின நாளின் பெயரில்தான் விழும்.
பந்தி, தோட்டம், முத்தம்,
விசாரணை, ஆணி, கல்லறை,
எல்லாம் ஒரே தேதி.

சேவலும் அப்படித்தான்.
மூன்று பேருக்கு ஒருமுறை கூவியது, மாற்குவுக்கு இரண்டு.
மில் விளக்கை விடியல் என்று நம்பி
இங்கே ஒன்றரைக்கே தொடங்கிவிடும்.
முதல் கூவலை யாரும் எண்ணுவதில்லை.
மறுதலித்தவன் எண்ணியிருப்பான்.

மூன்று நாள் என்பது செக்ரோல் கணக்கு.
வெள்ளி மாலை தலைகாட்டினால் ஒன்று,
சனி முழுசு,
ஞாயிறு இருட்டோடு பெரட்டில் பேர் விழுந்தால் மூன்று.
மண்டோர் சின்னப்பன் அப்படித்தான் போடுவார்,
யூனியனும் ஒப்புக்கொள்ளும்.
ஆனால் இரவு மூன்று வரவில்லை.
விரல் மடக்கினேன்.
சிலுவையை வியாழனுக்குத் தள்ளினேன், புதனுக்கும்.
ஒன்றை இழுத்தால் இன்னொன்று கிழிகிறது.

பென்சிலைக் கீழே வைத்தபோதுதான் கண்டேன்.
வெள்ளியில் இடமில்லாமல்
எழுத்து ஓரத்தில் ஏறி நிற்கிறது.
ஞாயிறும் நெரிசல்தான்: ஓடுகிறவர்கள், அழுகிறவள், சுருட்டி வைத்த துணி.
நடுவில் சனி.
கல்லறைக்குக் காவல் போட்டார்கள், ஒரு வரி.
பெண்கள் ஓய்ந்திருந்தார்கள், அரை வரி.
அடுப்பு மூட்டினார்களா,
யார் வீட்டில் யார் படுத்தார்கள்,
பேதுரு ஏதாவது சாப்பிட்டானா,
யாரும் சீட்டுக் குத்தவில்லை.

ஞானராஜ் சிகாமட் சாலையில்
லோரியோடு கவிழ்ந்த தேதி எனக்குத் தெரியும்.
நேரம் மட்டும் மூன்று விதம்,
போலீஸ் ஒன்று, ஆஸ்பத்திரி ஒன்று,
பின்னால் வந்த ரொஸ்லான் சொன்னது ஒன்று.
நாலு மாதம் சொக்சோவுக்கு அலைந்து
அதை ஒன்றாக்கினேன்.
அடக்கம் எத்தனை மணிக்கு என்பதும் தெரியும்.
நடுவில் ஒரு நாள் இருந்திருக்க வேண்டும்.
யாரோ மைலோ கலக்கிக் கொடுத்தார்களாம்.
குடித்தேனாம்.

போதகருக்கு அனுப்பிவிட்டேன்.
ஒன்பது என்று ஒரு வரி, பன்னிரண்டு என்று அடுத்த வரி,
இரண்டும் இருக்கட்டும்.
சனிக்கு நேரம் போடவில்லை.

எட்டு மணிக்குப் போன் வந்தது.
இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே,
ஆட்டுக்குட்டிப் படம் ஒன்று இருக்கிறது, போடலாமா என்றார்.
வேண்டாம் ஐயா என்றேன்.
அச்சுப்பிழை என்று நினைப்பார்களே அம்மா?
லோரி வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

லோரி எதுவும் வரவில்லை.