நாலரைக் கிலோ

என் வேலை பழங்களைக் குத்திப் பார்ப்பது.
தாலின் நகரத்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலையோரம்,
சன்னல் இல்லாத கிடங்கு. உள்ளே இரண்டு டிகிரி.
ஜூலையிலும் எனக்குக் கம்பளிக் குல்லாய்.

பெட்டிக்கு ஐந்து பீச் எடுத்து
கன்னத்தில் காசளவு தோல் சீவி
இரும்பு முனையை அழுத்துவேன்.
நாலரைக் கிலோ தாங்கினால் உள்ளே வரலாம்.
விட்டம் அறுபத்தேழு மில்லிமீட்டர்.
சிவப்பு, பாதிக்கு மேல்.
தழும்பு இருந்தால் என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்க வேண்டும்.
படிவத்தில் பதினான்கு கட்டம்.
நாக்குக்கு ஒன்றும் இல்லை.

பதினோரு வருஷமாக
நாலரைக் கிலோ தாங்கும் ஒரு பொருளைப்
பழம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

அதையே கடையில் வாங்கி வருவான் உர்மாஸ்,
என் ஊழியர் அட்டையைக் காட்டி, வலைப்பையில் ஆறு.
சன்னலோரம் வைத்து, பழுக்கட்டும் என்பான்.
திங்கள் கல். செவ்வாய் கல்.
வியாழன் காலை காம்படியில் கறுப்பு.
கல்லில் ஏறி நேரே அழுகலில் இறங்குகிறது.
நடுவில் பழம் என்று ஒரு நிறுத்தம் இருந்ததே,
வண்டி இப்போது அங்கே நிற்பதில்லை.
வெட்டினால் நனைந்த பஞ்சு.
"நீ பார்த்து அனுப்பினதா இது?" என்பான்.
சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.
"முதல் தரம்" என்பேன். பொய்யும் இல்லை.

போன புதன்கிழமை
கிரேக்கத்திலிருந்து வர வேண்டிய வண்டி
நாற்பது மணி நேரம் தாமதம்.
போலந்தில் குளிர்பெட்டி நின்றுபோய்
மெக்கானிக்குக்குக் காத்துக் கிடந்ததாம்.
ஓட்டுநர் ஸ்டாத்திஸ் கதவைத் திறந்துவிட்டு
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாசனைதான் முதலில் இறங்கியது.
தூக்குவண்டி ஓட்டும் ஒஸ்தாப்
யாரும் சொல்லாமலே எஞ்சினை அணைத்தான்.

நான் அழுத்தவில்லை. முனை தானாகப் போனது.
முக்கால் கிலோ.
இன்னொன்று: அரை.
கருவியைத் துடைத்தேன், பிழை அதில் இருக்குமோ என்று.
சாறு கையுறைக்குள் புகுந்து
கைக்கடிகார வார் வரை வந்துவிட்டது.

நிராகரிப்பு. காரணம்: மென்மை.
பதினேழு டன். சாண எரிவாயு ஆலைக்கு.
கையெழுத்து, முத்திரை.

ஆலையின் வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும்.
உள்ளே உண்பது தடை என்ற பலகைக்குக் கீழே
ஒஸ்தாப் முன்னால் குனிந்து நின்று தின்றான்,
சாறு சட்டையில் விழாமல் தரையில் விழும்படி.
பழக்கம் உள்ளவனின் நிற்பு அது.
கெர்ட்டுவுக்குப் பத்தொன்பது வயது.
ஒன்றைத் தின்றுவிட்டு, கொட்டையை வாயில் வைத்தபடி
"இதில் என்ன சேர்த்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.
நான் படிவத்தைப் பார்த்தேன், அதில் இருக்கும் என்பதுபோல.

ஸ்டாத்திஸ் ஒன்றையும் தொடவில்லை.
சக்கரத்தின் அருகே உட்கார்ந்து
முதலாளியோடு போனில் மன்றாடிக்கொண்டிருந்தார்.
மொழி புரியவில்லை.
எண்கள் மட்டும் எந்த மொழியிலும் அழுவதுபோலவே கேட்டன.

இரண்டை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
பிடிபட்டால் வேலை போகும்.
வீட்டுக்கு இருபத்திரண்டு நிறுத்தம்.
ஒன்பதாவதில் ஒரு தடியர் என்மேல் சாய்ந்தார்.
அவ்வளவுதான்.
நாலரைக் கிலோ எதற்கு என்று
பேருந்தில் நின்றபடி எனக்கே நான் விளக்கிக்கொண்டேன்.

உர்மாஸ் பையை வெளியே இழுத்து
துணியிலிருந்து தேக்கரண்டியால் வழித்தான்.
நூல் பிசிறைத் துப்பிவிட்டுத் தொடர்ந்தான்.
நீ பார்த்ததா என்று கேட்கவில்லை.

கோட்டை இரண்டு முறை துவைத்தாயிற்று.
இன்று ஸ்பெயின் வண்டி, நேரம் தவறாமல்.
நாலரை. நாலே முக்கால். நாலரை.
நடுநடுவே கையைப் பைக்குள் விட்டு
வெளியே எடுத்து மூக்கருகே கொண்டுபோகிறேன்.
யாராவது பார்த்தால்,
குளிருக்கு ஊதிக்கொள்கிறேன்.